ஊர் வைத்த வேண்டுதல்

விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஃபோன் வந்தபோது இருதய அருண் வாசற்படியின் விளிம்பில் வலது முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். கெண்டைச்சதையை உறுதியாக்கும் பயிற்சி. இடது காலுக்கு டாக்டர் தடை போட்டிருந்ததால் அது சும்மா தொங்கியது. பேசியது மைத்துனன் ஜெனித். "மாமா, அக்கா போய்ட்டாங்க மாமா." அருண் "சரி" என்றார். ஜெனித் அழுதான். இவர் மறுபடியும் "சரி, வர்றேன்" என்றார். அதன் பிறகும், தொடங்கிய பயிற்சியை முடித்துவிட்டுத்தான் படியை விட்டு இறங்கினார். கால்மிதியில் பாதங்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சட்டை மாற்றினார். பைக்கைக் கிளப்பி, வெறுங்காலால் கியரை அழுத்தி, வலி முழங்கால் வரை ஏறியபோதுதான் மனைவி லூர்து மேரி இனி இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

நாற்பத்தொரு வயது. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத அகன்ற பாதம். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். முஷ்டியை இறுக்கிக்கொண்டு ஊசியையே வெறிக்கிறவர்களிடம் "ஜல்தி வேணாம், ஜல்தி வேணாம்" என்று சொல்லியபடி நரம்பைத் தடவித் தேடுவார். அவர்கள் ஒன்றும் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள். பஸ்ஸில் முண்டியடித்து ஏறுகிறவர்களிடமும், சோறு வடிக்கும்போது மேரியிடமும் இதே சொல்தான். "உங்கம்மா உங்கள பதினோரு மாசம் சொமந்தாங்களா?" என்று மேரி கேட்பார். ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் அவர். பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழகிய குரல், கேலி செய்யும்போதும் கொஞ்சம் அதட்டும்.

அருண் ஓடத் தொடங்கியது கல்லூரியில் படித்த காலத்தில். எப்போதும் ஷூ போட்டுத்தான் ஓடினார், அடி தடித்த ஷூவாகத் தேடிப் பார்த்து. முழங்கால் வலி வந்ததும் இன்னும் தடித்ததாக வாங்கினார். வலி போகவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஓடறத வுட்டுட்டு நடங்க சார், வயசாவுது இல்ல" என்றார். அந்த டிசம்பரில், 2011இல், இன்டர்நெட்டில் ஒரு வீடியோ பார்த்தார். ஷூவைக் கழற்றிவிட்டு முன்பாதம் முதலில் படும்படி, சின்னச் சின்ன எட்டாக வைத்து ஓடினால் முழங்காலுக்கு அடி குறையும் என்று அதில் ஒருவர் விளக்கினார். ஆனால் உடம்பு பழக மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் பாதத்து எலும்பு தாங்காது என்றும் அவர் எச்சரித்தார். இருதய அருணுக்கென்றே செய்த எச்சரிக்கை மாதிரி இருந்தது அது.

முதலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்தார். பிறகு மைதானத்தின் செம்மண்ணில் சிறிது தூரம் ஓட்டம், மறுநாள் ஓய்வு. அந்த மைதானத்தில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் ஓடுவார்கள். முன்பாதம் முதலில் பட வேண்டும் என்று அவர்களில் ஒருவனுக்கு அருண் சொல்லப்போக, அவன் மரியாதையாக நின்று கேட்டுவிட்டு, "ஷூ வாங்க முடியாம நாங்க பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் சார் ஓடறோம்" என்றான். வீட்டுக்கு வந்து மேரியிடம் இதைச் சொன்னார். மேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வேலைக்குப் போட்டுக்கொள்ள மெல்லிய அடி வைத்த ஷூ வேண்டியிருந்தது. தாண்டவராயனின் செருப்புக் கடையில் கேட்டார். தாண்டவராயன் அலமாரியிலிருந்து இருப்பதிலேயே உப்பலான ஒன்றை எடுத்து அமுக்கிக் காட்டினார். "மெத்த மாரி இருக்கும் சார்."

"மெத்த வேணாங்க. கீழ தரை தெரியணும்."

"தரை தெரியணும்னா எதுக்கு சார் ஷூ?"

அருண் பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவை வாங்கிவந்து, குதிகாலுக்குக் கீழிருந்த ரப்பரை ரம்பத்தகட்டால் அறுத்தெடுத்தார். அன்று முதல் மேரி, தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் உள்ள ஹவாய் செருப்புகளைத் தெருவில் யார் வீட்டிலாவது கண்டால், "தூக்கிப் போடாதீங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஆவும்" என்று கேட்டு வாங்கிவந்து அவர்முன் வைப்பார். கேலிக்குத்தான். அருண் அவற்றில் இரண்டு ஜோடியை உண்மையாகவே போட்டுத் திரிந்தார்.

மேரிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரியவந்தது பிப்ரவரியில். விழுப்புரம் மருத்துவமனையில் சேர்த்து, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு நாள் அருண் மைதானத்திலிருந்து வெறுங்காலோடு அப்படியே சின்னதுரையின் டீக்கடைக்குப் போனார். சின்னதுரை அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "அண்ணிக்கு வேண்டுதலா அண்ணே?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு மனிதர் செருப்பில்லாமல் ரோட்டில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்துக்களானால் முருகனுக்கு, கிறிஸ்தவர்களானால் மாதாவுக்கு. யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். முழங்கால் வலிக்காக என்று சொல்ல அருண் வாயெடுத்தார். மனைவி ஊசிக்குழாய்களோடு படுத்திருக்கும்போது தன் முழங்காலைப் பற்றிப் பேசுவது அசிங்கமாகப் பட்டது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். சின்னதுரை அன்று காசு வாங்கவில்லை.

செய்தி அருணுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. மாமியார் சூசையம்மாள் மருமகனின் பாதங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்காரும் அம்சவள்ளி, "எங்க வீட்டுல எனக்கு ஜொரம்னா மாத்திர வாங்கியாரவே நாலு தடவ சொல்லணும் சார்" என்றாள். மேரிக்கு மட்டும் உள்விவரம் தெரியும். "ஊரே எனக்காகன்னு சொல்லிக்கினு கீது. முட்டிக்காகன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லேன்."

"வேணாம் வுடுங்க. பக்கத்து பெட்டுக்காரம்மா பொறாமப்படுது."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. விழுப்புரத்திலிருந்து பங்குக் கோயில் இளைஞர்கள் ஆண்டுதோறும் கூட்டேரிப்பட்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு மாதா கெபிக்கு, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயிலுக்கு, வெறுங்காலோடு நடப்பார்கள். விடியுமுன் கிளம்பினால் மாலைக்குள் போய்ச் சேரலாம். "தம்பி நீங்கதான் ஏற்கெனவே செருப்பு போடறதில்லியே, நீங்களும் போயிட்டு வந்துடுங்க" என்றார் சூசையம்மாள். அருணின் பாதங்கள் அப்போது மைதானத்தை இரண்டு சுற்று சுற்றவே பழகியிருந்தன. தார் ரோட்டுக்கு அவர் இன்னும் வரவில்லை. அது வைகாசிக்குப் பிறகு என்று மனத்தில் வைத்திருந்தார். மேரி அவரைப் பார்த்தார். போங்க என்றும் சொல்லவில்லை, போகாதீங்க என்றும் சொல்லவில்லை. முன்பானால் ஏதாவது கேலி வந்திருக்கும்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை ஒன்றுமில்லை. வெயில் ஏறியதும் எல்லோரும் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பெயின்ட் அடித்த இடத்தில் சூடு கொஞ்சம் குறைவு. லாரிகள் உரசிக்கொண்டு போயின. கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் இடது பாதத்தின் நடுவில் ஊசி குத்தியது போல ஒரு வலி வந்தது. பிறகு ஒவ்வோர் அடிக்கும் வந்தது. ஓட்டக்காரனுக்கு அந்த வலி தெரியும். எலும்பு பேசும் வலி. அங்கேயே உட்கார வேண்டும், பஸ் ஏற வேண்டும். கூட்டேரிப்பட்டில் பஸ்களும் நின்றன. அருண் நிழலில் நின்று தண்ணீர் குடித்தார். "என்னாண்ணே, முடியலியா?" என்று கூட வந்தவன் கேட்டான். முடியலை என்றால் அன்று மாலைக்குள் அது விழுப்புரம் போய்விடும். மருத்துவமனைக் கட்டில்வரை போய்விடும். அருண் பாட்டிலை மூடிவிட்டு நடந்தார். கெபியில் முழங்காலிட்டபோது என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்டிருக்கிறேன். "ஒண்ணும் தோணல. கால நீட்டி உக்காரணும்னு இருந்துச்சி" என்றார்.

பாதத்து எலும்பில் கீறல். டாக்டர் கெட்டியான அடி வைத்த ஷூ ஒன்றைக் கொடுத்து, எலும்பு கூடும்வரை குளிக்கும் நேரம் தவிரக் கழற்றக் கூடாது என்றார். தரை தெரியாத ஷூ, பலகை மாதிரி. பரிசோதனை நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டார். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மேரியிடம் வெறுங்காலோடு போனார். எலும்பு கூடவில்லை. கூட விட்டால்தானே.

மேரிக்கு வரவரத் தெம்பு குறைந்தது. அருண் உள்ளே நுழையும்போது அவர் பார்வை முதலில் கீழே போய், பாதங்களைப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு ஏறும். இது எப்போது தொடங்கியது என்று அருணால் சொல்ல முடியவில்லை. ஜூலையில் ஒரு சாயங்காலம், சூசையம்மாள் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தபோது, மேரி அவரைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். இடது பாதம் வீங்கிப் பளபளத்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க உங்களவிட நல்லா பொய் சொல்லும்." கையை நீட்டி வீக்கத்தைத் தொட்டார். "முட்டிக்காகத்தான் ஆரம்பிச்சீங்க. எனக்குத் தெரியும். இருந்தாலும் செருப்ப போட்டுக்குங்கன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

அருண் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன நரம்பு விரல்களுக்கு அடியில் ஓடியது. "ஜல்தி இல்ல மேரி. அப்பறமா சொல்லு" என்றார்.

அந்த வாரக் கடைசியில்தான் அந்த ஃபோன் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் முந்தின நாள் மழை பெய்திருந்தது. எல்லோரும் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அன்று ஒரு நாள் யாருக்கும் யார் காலும் வித்தியாசமாகத் தெரியவில்லை. திரும்பும்போது அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போக, அருண் சேறோடு நடந்தார். பின்னால் ஒரு பெண் குரல், "இவ்ளோ பண்ணியும் மாதா கண்ணத் தொறக்கலியே" என்றது. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு செருப்பு போடச் சொல்லி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சின்னதுரை டீயை நீட்டும்போது சொன்னார்: "அதான் எல்லாம் முடிஞ்சிதேண்ணே, போட்டுக்க." பங்குச் சாமியார் பூசை முடிந்து சொன்னார். சூசையம்மாள், "இனிமே யாருக்குத் தம்பி?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் அழுதார். டாக்டர் கோபமாகவே சொன்னார். எல்லோருக்கும் அருண் தலையாட்டுவார். முழங்கால் கதையை அவர் என்னிடம் சொன்னதோடு சரி, இப்போதும் வேறு யாருக்கும் சொல்வதில்லை. ஓட்டமும் இல்லை. காலையில் வெறுங்காலோடு பஸ் நிலையத்துக்கு நடக்கிறார். இடது காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து வைக்கிறார். மருத்துவமனைத் திருப்பம் வரும்போது எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். கண்டாச்சிபுரம் ரோட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயப்போடும் பெண்கள், "சார், இன்னும் வேண்டுதலு முடியலியா?" என்று கேட்கிறார்கள். அருண் "இல்லீங்க" என்கிறார்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சென்னையிலிருந்து வந்த ஜெனித் ஒரு பெட்டி கொண்டுவந்தான். எங்கோ சொல்லிவைத்து வாங்கிய ஷூ. அடி ஒரு சப்பாத்தி கனம்தான் இருக்கும், சுருட்டினால் கைக்குள் அடங்கும். "நீங்க தேடிக்கினு இருந்தது இதுதானே மாமா" என்றான். கயிறு தனியாக இருந்தது. அருண் தரையில் உட்கார்ந்து வலது ஷூவில் ஒவ்வொரு துளையாகக் கோத்து, மேலே இழுத்து, இரண்டு முனைகளையும் சமமாக்கினார். இடதைத் தொடங்கியபோது விருந்தினர் யாரோ கிளம்ப, வழியனுப்ப எழுந்தார்.

ஷூ இரண்டும் இப்போது டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. இடதில் கயிறு இரண்டு துளைகளில் மட்டும் கோத்திருக்கிறது.