வெளிநாட்டுக் காருக்கு இடமில்லை

எங்கள் தொழிற்சங்கக் கட்டடத்து வண்டி நிறுத்துமிடத்தில் அந்தப் பலகையை நட்டவர் காசிமிர். வெளிநாட்டுக் கார் உள்ளே வரக் கூடாது, வந்தால் கட்டி இழுத்துப் போய்விடுவோம் என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். டிட்ராய்ட்டுக்குத் தெற்கே ஆற்றோர ஊர்களில் பல சங்கங்களில் இப்படி ஒரு பலகை உண்டு. மற்ற இடங்களில் பலகை மட்டும்தான். எங்களிடம் காசிமிரும் இருந்தார்.

கூட்டமோ, வெள்ளிக்கிழமை மீன் விருந்தோ, யாருடைய கல்யாணமோ, வாசலில் அவர் நிற்பார். பாதிரியாரையே ஒருமுறை திருப்பி அனுப்பினார். "சாமி, உங்கள வேணாங்கல. உங்க வண்டியத்தான் வேணாங்குறேன்" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்.

வேலை நாட்களில் நாங்கள் ஒரே தொழிற்சாலை. பெரிய காருக்கு சீட் உறை தைக்கிற இடம். அவர் துணி வெட்டும் மேசையில், நான் தையல் வரிசையில். அதிகம் பேசாதவர். மனைவி இறந்த பிறகு மகள் கோரினைத் தனியாக வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சங்கத்துச் சமையலறையில் காபி போடுவேன். அங்கே ஜன்னலைத் திறந்தால் அவர் முதுகு தெரியும்.

ஒரு வசந்த காலத்தில் சங்கத் தலைவர் டோலிவர் எங்களை நிற்க வைத்துச் செய்தி சொன்னார். ஒரு கேலன் பெட்ரோலுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும், குறைந்தால் அபராதம் என்று அரசாங்கம் கம்பெனிகளுக்கு ஒரு சராசரி வைத்திருந்தது. உள்நாட்டுக் கார்களுக்கு ஒரு சராசரி, வெளிநாட்டுக் கார்களுக்குத் தனியாக இன்னொன்று. நான்கில் மூன்று பங்கு நம் நாட்டுச் சரக்கு இருந்தால்தான் உள்நாட்டுக் கார். எங்கள் பெரிய கார் பெட்ரோல் குடித்து உள்நாட்டுச் சராசரியைக் கீழே இழுத்தது. கம்பெனி வெளிநாட்டில் செய்து கொண்டுவரும் சின்னக் கார்களோ குறைவாகக் குடித்தன. அந்தக் கணக்கில் இடம் மிச்சமிருந்தது. அதனால் பெரிய காரின் பாகங்கள் சிலவற்றை வெளியே செய்துவிட்டால், காரை அந்தப் பக்கத்துக் கணக்கில் தள்ளிவிடலாம்.

"அப்ப நம்ம காரு வெளிநாட்டுக் காரா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அடுத்த மாடல்லேருந்து. சட்டப்படி."

"சீட்டு?"

"மெக்ஸிகோவுல தைப்பாங்க."

"வேலை வெளிய போகக் கூடாதுன்னுதான ரெண்டு கணக்கா பிரிச்சாங்க? நீங்கதான சொன்னீங்க?"

"அதுக்குத்தாம்மா பிரிச்சாங்க" என்றார் டோலிவர். யாரோ சிரித்தார்கள்.

சட்டத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் விடியற்காலையில் வரிசையில் நின்ற வருடங்களை நான் மறக்கவில்லை; அதற்குப் பிறகு வந்த சட்டம்தான் இது. கம்பெனியைத் திட்டினால் அவர்கள் கணக்கைக் காட்டுவார்கள். காசிமிர் யாரையும் திட்டவில்லை. வாசலில் முன்னைவிட விறைப்பாக நின்றார், அவ்வளவுதான்.

இலையுதிர் காலத்தில் கோரினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டாரில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். காசிமிருக்கும் அவர் மனைவிக்கும் கல்யாண விருந்து நடந்தது எங்கள் சங்கக் கூடத்தில்தான். மகளுக்கும் அங்கேதான் என்று அவர் நாள் குறித்து வைத்துவிட்டார். கோரின் வந்து வாசலிலேயே சண்டை போட்டாள்.

"அப்பா, அவங்க வீட்டுல எல்லாருமே ஜப்பான் வண்டிதான். ஒரே ஒரு நாள் விடுங்களேன்."

"ரோட்டுல எடம் இருக்கு."

"மழை பெஞ்சா என் மாமியார் நனைஞ்சுக்கிட்டே வரணுமா?"

"நல்ல வண்டியா வாங்கியிருந்தா நனைய வேணாம்."

"அதே பெட்ரோல்ல அது போற தூரத்துல பாதிகூட உங்க கப்பல் வண்டி போகாது."

"அந்தக் கப்பல்தாண்டி உன்ன வளத்துச்சு."

"அப்ப விருந்து இங்க இல்ல. டொலிடோவுல ஒரு ஹோட்டல் பாத்துக்குறோம். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்று போய்விட்டாள். அன்று நான் ஊற்றிக் கொடுத்த காபியை அவர் குடிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது. டோலிவர் புது மாடல் பெரிய காரில் வந்தார். காசிமிர் கையை உயர்த்தினார்.

"என்னய்யா, கண்ணு தெரியலையா? நம்ம வண்டிய்யா!"

"புது மாடல் வெளிநாடுன்னு நீங்கதான தலைவரே சொன்னீங்க. ரோட்டுல போடுங்க."

"முன்னாடி இருக்குற நம்ம கம்பெனி முத்திரையப் பாருய்யா!"

"அதப் பாத்துத்தான் இத்தன வருஷம் விட்டேன். சீட்டு யாரு தச்சது?"

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. "விடாத காசிமிர்!" என்று ஒருவன் கத்தினான். டோலிவர் முகம் சிவக்க, காரைத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்தார். "இந்த வாசலோட நிறுத்திக்க. என் நாற்காலியையும் கேட்டுடாத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

காசிமிர் சிரிக்கவில்லை. உள்ளே நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஒலீட்டா, இதுல எது நம்மளது, எது அவங்களது? சொல்லு பாப்போம்."

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல. தெரியாத ஒண்ணுக்காகவா என் பொண்ண டொலிடோவுக்கு அனுப்பப் போறேன்?"

கூட்டம் முடியும் வரை அவர் காத்திருக்கவில்லை. சமையலறைத் தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டார். "நான்தான். விருந்த இங்கயே வை. வாசல்ல நான் நிக்க மாட்டேன்." அவ்வளவுதான் பேசினார்.

கல்யாணத்தன்று நல்ல மழை. வாசலில் யாரும் இல்லை, பலகை மட்டும் இருந்தது. நான் கதவருகே கோட்டுகளை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வினிஃப்ரெட், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு தெருவிலிருந்து நடந்து வந்தார். பின்னால் அவர்கள் வீட்டார் அத்தனை பேரும் நனைந்தபடி வந்தார்கள். காசிமிர் புது சூட்டோடு மழையில் ஓடினார்.

"ஏன் சம்பந்தி ரோட்டுல போட்டீங்க? உள்ள எடம் கெடக்குதே!"

"இது உங்க வழக்கமாமே. இன்னைக்கு உங்க மனசு நோகக் கூடாதுன்னு டாரில் கண்டிப்பா சொல்லிட்டான்."

காசிமிர் கையை நீட்டினார். "வழக்கத்துக்கு இன்னைக்கு லீவு. சாவியக் குடுங்க" என்றார்.

"இனிமே எதுக்கு? நான்தான் முழுசா நனைஞ்சுட்டேனே!"

"திரும்பிப் போறப்பவாவது நனையாம போவீங்கல்ல? குடுங்க."

கோரின் வெள்ளை உடையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா எங்க?" என்றாள். நான் கையைக் காட்டினேன்.

வினிஃப்ரெட்டின் சின்ன ஜப்பான் கார் விட்டு விட்டு நகர்ந்து எங்கள் வாசலுக்குள் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் முழங்கால்கள் மாட்டிக்கொண்டு, காசிமிர் இங்கும் அங்கும் நெளிந்துகொண்டிருந்தார்.

"சீட்டப் பின்னால தள்ளணும்னு அவருக்குத் தெரியல" என்றாள் கோரின். உடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள்.