ஊற்றை வற்றவைக்கிற கட்டு

மேல் லயத்தில் யாராவது ஓஸ் பைப்பைப் பிடுங்கிவிட்டால் எங்கள் பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வருவது மலை ஊற்றுத் தண்ணீர்தான். அது நூல் மாதிரி வழிகிற நாட்களில் ஒரே வாளியில் குளித்து, மிச்சத்தில் ஸ்கூல் சட்டையையும் அலசி முடிக்க எனக்குச் சின்னதிலேயே தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கட்டிய கார்ட் கட்டு அதிலிருந்துதான் வந்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா எங்களோடு இல்லை. அம்மா பல்லேகலையில் கார்மண்ட் வேலைக்கு இருட்டோடு போய் இருட்டோடு வருவார். அண்ணன் கண்டி டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தார். ஸ்கூல் விட்டு வந்தால் எங்கள் லயத்துக் காம்பராவில் நான் மட்டும்தான்.

அண்ணனின் கடைக்கு மேல்மாடியில் கார்ட் விளையாடுகிற இடம் ஒன்று இருந்தது. பெரிய ஸ்கூல் பையன்கள் சனிக்கிழமைகளில் வந்து புதுக் கார்ட் பக்கெட்டுகளை உடைப்பார்கள். நல்ல கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, வேண்டாததை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மேல்மாடிக்காரர் அதைக் கூட்டி அள்ளி அண்ணனிடம் கொடுப்பார். அண்ணன் அதைச் சொப்பிங் பேக்கில் எனக்குக் கொண்டுவருவார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அண்ணன் ஒருமுறை சொல்லித் தந்தார், பிறகு படத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது.

விளையாட்டு பெரிய கஷ்டமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு ஊற்றுக் கார்டை மேசையில் வைக்கலாம். யானை மாதிரிப் பெரிய மிருகத்தை இறக்க நாலு ஊற்றாவது வேண்டும். எதிராளிக்கு இருபது உயிர். அதை முடித்தால் வெற்றி. யானை இரண்டே அடியில் முடித்துவிடும்.

எனக்குக் கிடைத்த குப்பையில் யானை இல்லை. 'வறட்சி' என்ற கார்ட்தான் நிறைய இருந்தது. அதைப் போட்டால் இரண்டு பேரிடமும் ஒவ்வொரு ஊற்று வற்றிப்போகும். தன் ஊற்றும் போகிறதே என்றுதான் பையன்கள் அதை வீசியிருந்தார்கள். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. என்னிடம் இரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சியின் கார்ட் ஒன்று இருந்தது. அதற்கு ஒரே ஊற்று போதும். ஒருதடவை இறங்கிவிட்டால் பிறகு தண்ணீரே வேண்டாம், முறைக்கு ஒரு உயிராகக் கடித்துக்கொண்டே இருக்கும். முதலில் பூச்சியை இறக்க வேண்டும், பிறகு எல்லோருடைய தண்ணீரையும் நிறுத்த வேண்டும். எனக்குக் கொஞ்சம் போதும், அவர்களுக்குப் போதாது. அவ்வளவுதான் என் யோசனை.

பல நாள் அதைத் திருத்தினேன். ஊற்றுக் கார்டை அதிகம் குறைத்தபோது பூச்சியே இறங்காமல் செத்தேன். கூட்டியபோது வறட்சி கையில் வரவில்லை. கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு முறை விளையாடுவேன், எழும்பிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து எதிராளிக்காக விளையாடுவேன். எதிராளிக்கும் ஏமாற்றாமல்தான் விளையாடினேன். கடைசியில் அந்தப் பக்கம் உட்காரும்போதெல்லாம் தோற்றேன். கட்டு சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

என்னையும் ஒரு சனிக்கிழமை கூட்டிப்போகச் சொல்லி அண்ணனை நச்சரித்தேன். அங்கே நடக்கிற போட்டியின் பரிசில் எனக்கு ஆசை இல்லை. நன்றாக விளையாடினால் அடுத்த சனிக்கிழமையும் வரச்சொல்வார்கள், எதிரில் உட்கார ஒரு ஆள் இருக்கும், அதுதான் என் கணக்கு.

அண்ணன் கூட்டிப்போனார். எதிரில் உட்கார்ந்த முதல் பையன் மூன்றாம் முறையிலேயே கார்டைக் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்தால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். இரண்டாவது பையன் அதற்கும் முன்னால் எழும்பிவிட்டான். மூன்றாவது பையன் அலவத்துகொடவிலிருந்து வந்தவன், தமிழ் பேசினான். அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான்.

"இது என்ன வெளாட்டு? கையில இவ்வளவு காட் இருந்தும் எனக்கு ஒன்டும் செய்ய ஏலாதே."

"ஆமா, அதுக்குத்தான் இப்புடிக் கட்டுனேன்" என்று சந்தோசமாகச் சொன்னேன். அவனும் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கார்டைக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் உட்காரவில்லை. மேல்மாடிக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, பயந்துவிட்டார்கள் என்று. பிறகும் எனக்கு எதிரில் இருந்த கதிரை காலியாகவே கிடந்தது. நான் கட்டைக் கலைத்தேன், கலைத்தேன், கலைத்துக்கொண்டே இருந்தேன்.

கீழே கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் சாப்பிட வாங்கிய ரோல்ஸோடு மேலே வந்தார். என்னைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். மேல்மாடிக்காரரிடம் ஒரு கட்டை இரவல் வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வாங்க மகாராணி, என்னையும் கொஞ்சம் காயப்போடுங்க."

பூச்சியை இறக்கினேன். வறட்சியைப் போட்டேன், இன்னொன்று, இன்னொன்று. அண்ணன் முறைக்கு ஒரு கார்டை எடுப்பார், கையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். பூச்சி கடிக்கும்போதெல்லாம் காலைச் சொறிந்துகொண்டு, "அட்ட கடிக்குது, யாராச்சும் கொஞ்சம் உப்பு கொண்டாங்கப்பா" என்பார். அலவத்துகொடப் பையன் திரும்பி வந்து பக்கத்தில் நின்று சிரித்தான். பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மேல்மாடிக்காரர் கூட்டத் தொடங்கினார். அண்ணன் கார்டைக் கவிழ்க்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல தங்கச்சி, நீ போடு." முறைக்கு முறை அதையேதான் சொன்னார்.

அண்ணன் போய் இப்போது மூன்று மாதம் ஆகிறது. காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. கட்டு அலுமாரியில் இருக்கிறது. எடுத்துக் கட்டிலில் பரப்பினால் அந்தப் பக்கத்துக்கும் நானே எழும்பிப் போக வேண்டியிருக்கிறது. போய் உட்கார்ந்தாலும் அந்த வார்த்தை எனக்குச் சொல்ல வருவதில்லை.

அன்று நான்தான் ஜெயித்தேன். பூச்சி இருபது உயிரையும் கடித்து முடித்தது. இரவல் கட்டைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் கையிலிருந்த கார்டை மேசையில் வைத்தபோது பார்த்தேன், அதில் ஐந்து ஊற்று இருந்தது. ஒரு யானையும் இருந்தது. என் வறட்சி எல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

ஹந்தானை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"தண்ணி இருந்திச்சே அண்ணே, ஏன் போடல?"

"போட்டா யான வந்துரும். ரெண்டு அடியில வெளாட்டு முடிஞ்சிரும்."

"முடிஞ்சா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க."

"ஆமா" என்றார். ரோல்ஸில் முட்டை இருந்த பாதியை எனக்குத் தந்துவிட்டு, மற்றப் பாதியைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. இவ்வளவு காலம் கார்ட் கடைக்குக் கீழேயே வேலை செய்தும் அண்ணனுக்கு விளையாடத் தெரியவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.