பின் பெஞ்சில் யார்?

அதிகாலை ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. அண்ணன் இறந்துவிட்டார் என்று மருத்துவமனையிலிருந்து அழைத்தவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அண்ணியின் கைப்பேசியில் அண்ணன் பேச ஆரம்பித்தார்: "வாங்க, உட்காருங்க. நேத்து எங்கே விட்டோம்?" அன்றைய பாடம் வெளியாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் கேட்கட்டும் என்று, தினமும் ஐந்து மணிக்கு வெளியாகும்படி முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார்.

அண்ணன் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். ஒரே பாடப்புத்தகத்தை ஆறு பேர் முறைவைத்துப் படிப்பதைப் பார்த்துவிட்டு, தானே ஒன்று எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டார். பிறகு அதையே பேசியும் பதிந்தார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறைதான் வகுப்பு. சுவரெல்லாம் பழைய கம்பளி. மின்விசிறி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்திவிடுவார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாயம் போன அரைக்கால்சட்டை.

கேள்வி கேட்பார். காத்திருப்பார். தலையைச் சாய்த்து, "பின்னாடி யாரு? சத்தமா சொல்லு" என்பார். பிறகு, "இல்லம்மா, பெருக்கக் கூடாது, வகுக்கணும்" என்று சிரிப்பார். அறையில் அவரைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

"உள்ளே யாருங்க?" என்று அண்ணி எட்டிப்பார்ப்பார்.

"பின் பெஞ்சுல ஒருத்தி முழிக்கிறா. க்ளாஸ் நடக்குது, கதவைச் சாத்து."

"அவளுக்கும் சேர்த்து உலை வைக்கட்டுமா?"

"வேணாம், சாப்பிட்டுத்தான் வந்திருக்கா."

ஒலிப்பதிவைச் சீர்செய்வது என் வேலை. இருமலை வெட்டலாம், நாற்காலி கிறீச்சிடுவதை வெட்டலாம். கேள்விக்குப் பிறகு அவர் காத்திருக்கும் அந்த மௌனத்தில் மட்டும் கைவைக்க விடமாட்டார். "அதைத் தொடாதம்மா. அங்கேதான் அவங்க பேசுறாங்க."

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி எழுதியிருந்தாள். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவள். "சார், பஸ் நிறுத்தத்தில் நின்று தப்பாகப் பதில் சொன்னேன். உடனே திருத்தினீர்கள். திரும்பிப் பார்த்துவிட்டேன்." அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "முப்பது வருஷமா எல்லாரும் அதே குழியிலதான் விழறாங்க." எனக்கு அந்த விளக்கம் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனாலும் அதன்பிறகு அந்த மௌனங்களை ஹெட்போன் இல்லாமல்தான் கேட்டேன்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த மறுநாளும் ஐந்து மணிக்குப் பாடம் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பதிந்து வைத்தவை தீரும்வரை அவர் வந்துகொண்டே இருந்தார். கடைசிப் பாடத்தை மட்டும் பாதிவரைதான் பேசியிருந்தார்; அது வெளியாகாமல் என்னிடமே இருந்தது.

பிறகு, பஸ் நிறுத்தத்தில் பதில் சொன்ன அந்த மாணவி அழைத்தாள். இப்போது அவளே ஒரு கல்லூரியில் ஆசிரியை. "அக்கா, பசங்களுக்குப் பரீட்சை வருது. கடைசிப் பாடம் இல்லேன்னா திண்டாடிப்போவாங்க. சார் பாதியில விட்டதை நான் பேசி முடிக்கட்டுமா?" பழைய பாடமொன்றைத் தன் குரலில் பதிந்தும் அனுப்பியிருந்தாள்.

சாமான் அறையில் உட்கார்ந்து ஓடவிட்டேன். கேள்வி கேட்டாள். நிறுத்தினாள். அண்ணன் விட்ட அதே நீளம். "பின்னாடி யாரு? சத்தமா சொல்லு." அவள் அண்ணனை நேரில் பார்த்ததே இல்லை.

அறை வாசலில் அண்ணி வந்து நின்றிருந்தார். உள்ளே எட்டிப் பார்க்காமல், "க்ளாஸ் நடக்குதில்ல, கதவைச் சாத்தும்மா" என்றார். பிறகு, "பாதியில நிக்கிறதை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடு" என்றார்.

ஒவ்வொரு பாடத்தையும் ஏற்றும்போது கணினி கடைசியாக ஒன்று கேட்கும்: யார் வேண்டுமானாலும் இதை எடுத்து மாற்றி, இலவசமாகப் பிறருக்குத் தரலாமா? பக்கத்தில் ஒரு சிறிய கட்டம். அதில் டிக் போடுவதை அண்ணன் என்னிடம்கூட விட்டதில்லை. டிக் விழுந்தால்தான் அவள் அந்தப் பாடத்தைத் தொட முடியும். அவர் குரல் நிற்கும் இடத்தில் அவள் குரல் தொடங்கும்.

கணினியில் அந்தப் பாதிப் பாடத்தின் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது. கட்டத்தில் டிக் இல்லை.