சிசு என்றால் வயிறு

போன வாரம் ஒரு காலை, பாலக்கரையில் உள்ள என் நாட்டு மருந்துக் கடைக்குப் பூ வியாபாரி ரெங்கசாமி வந்தார். அடுத்த தெருக்காரர்தான், ஆனாலும் பல வருஷமாக என் கடைப் படி ஏறாதவர். கற்பூரமும் சாம்பிராணியும் கேட்டார். பொட்டலம் கட்டிக் கொடுத்த பிறகுதான், "தம்பி சம்சாரம் விடியக்காலையில போயிட்டாங்க" என்றார். சொன்ன பிறகும் போகாமல் நின்றார்.

நாச்சியம்மாள் என்று நீங்கள் அறிந்திருந்த அந்தத் தம்பி சம்சாரத்தின் சொந்தப் பெயர் நோசிபோ. ரெங்கசாமியின் தம்பி கதிர்வேலு தென்னாப்பிரிக்கத் துறைமுக ஊர் ஒன்றில் காய்கறி விற்றவர். அங்கே கோசா இனத்துப் பெண்ணை மணந்து ஊருக்கு அழைத்து வந்தார். தினமும் ஸ்ரீரங்கத்துக்குப் பூ கொண்டுபோகிற ரெங்கசாமி வாயில் நோசிபோ எப்படி நிற்கும்? நாச்சியாராகி, நாச்சியம்மாளாகிவிட்டது. வந்த மறு வருஷமே கதிர்வேலு காய்ச்சலில் இறந்தார். அந்த வீட்டில் நாச்சியம்மாள் பேச்சு புரிந்த ஒரே ஆளும் அத்தோடு போயிற்று.

எங்கே வலி என்று தெரியாமல் நான் ஒரு பிடி ஓமம்கூடக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. கேட்டுக் கேட்டே எல்லாம் கற்றவன். மருந்து கேட்டு வந்த நாச்சியம்மாளின் பேச்சையும் அப்படியே கற்றேன். அவர் நெற்றியைத் தொட்டு "இன்ட்லோகோ" என்பார். நான் "தலை" என்பேன். நமக்குச் சளி பிடிக்கிறது. அவர்கள் பேச்சிலோ தலையே ஆளைப் பிடிக்கும், வயிறே ஆளைப் பிடிக்கும். வைத்தியருக்கான சொல்லில் மட்டும், வண்டிக்காரர் மாட்டை ஓட்டுவதுபோல, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்க வேண்டும். எனக்குக் கடைசிவரை வரவில்லை. "அண்ணே, நீங்க வைத்தியரைக் கூப்பிட்டா மாடுதான் வருங்க" என்று, தமிழ் வந்த பிறகு சொல்லிச் சிரிப்பார். கடைக்கு வருகிறவர்களும் விடவில்லை. "என்ன, கடையை மூடிட்டு வண்டி ஓட்டப் போறீங்களா?" என்றார்கள். அந்த இனத்தாருக்கு நம்மூரார் வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். சொன்னவர்களுக்கு நினைவிருக்கும்.

அவர் விதவையாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் கடைத்தெரு நிறைந்த நேரத்தில் ரெங்கசாமி அவரை இழுக்காத குறையாக என் கடை வாசலுக்குக் கூட்டிவந்தார். வயிறு லேசாகப் புடைத்திருந்தது. வலியில் குனிந்தபடி, "ந்திபெத்வே சிசிசு, ந்திபெத்வே சிசிசு" என்று முனகிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா? சிசு சிசுன்னு வாயாலேயே ஒத்துக்குது! புருஷன் போயி வருஷம் தாண்டிடுச்சு. இனிமே என் வீட்டுல இதுக்கு இடம் கிடையாது" என்றார் ரெங்கசாமி. உபன்யாசம் கேட்டுப் பழகிய காது. கண்ணனை விட்டால் சிசு என்ற சொல்லுக்கு அதில் வேறு பொருள் ஏறாது.

"அது பிள்ளை இல்லைங்க, வயிறு. வயிறு என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க."

"அந்தப் பாஷையை நீங்க கண்டீங்களா?"

"பின்னே, நீங்க கண்டீங்களா?"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடுகிறவன் இல்லை. ரெங்கசாமியின் தொந்தியில் விரலை வைத்து, "நாச்சியம்மா, இது என்ன?" என்றேன். அந்த வலியிலும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "இசிசு" என்றார்.

கூட்டத்தில் யாரோ, "அப்ப ரெங்கசாமிக்கு எத்தனை மாசமுங்க?" என்று கேட்டுவிட்டார்.

கடைத்தெருவே சிரித்த அந்தச் சிரிப்பில்தான் நாச்சியம்மாள் தெருவில் நிற்காமல் தப்பினார். அன்றே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். லேடி டாக்டர் பொறுமையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த நாலைந்து சொல்லை வைத்துக்கொண்டு பதில் வாங்கிச் சொன்னேன். வயிற்றில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். ரெங்கசாமி அவரைத் திரும்ப வீட்டில் சேர்த்துக்கொண்டார். ஆனால் "தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இதை நான் மறந்துவிட வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். மறக்கவில்லை.

நாச்சியம்மாள் பிறகு பூக்கட்டக் கற்றார், நம் பேச்சைக் கற்றார், சண்டை போடவும் கற்றார். என்னைப் பார்த்தால் நான் முதலில் "உபிலிலே?" என்று கேட்க வேண்டும். சௌக்கியமா என்று அர்த்தம். உயிரோடிருப்பதற்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். "உங்க தமிழில் உசிரு வேற, சௌக்கியம் வேற. அதான் நீங்கல்லாம் சீக்கோடயே கிழவனாகுறீங்க" என்பார்.

ரெங்கசாமி நின்றுகொண்டே இருந்தார் என்றேன் அல்லவா? கடைசியில் கேட்டுவிட்டார். "ராவெல்லாம் பக்கத்துலதான் இருந்தேன். எப்படி இருக்கேம்மான்னு கேட்டதுக்கு, ந்திபிலிலேன்னு ஒரு சொல் சொன்னாங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

"நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்காங்க."

"சாகப்போற நேரத்திலயா?"

"உயிரோட இருக்கேன்னும் அர்த்தமுங்க."

ரெங்கசாமி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாச்சியம்மாள் விட்டுப்போன சொற்களை நான் விடப்போவதில்லை. தப்பாகச் சொன்னால் திருத்துவதற்குத்தான் இனி இந்த ஊரில் ஆளில்லை. அடக்கம் முடிந்து வந்து கடையில் தனியாக உட்கார்ந்து, வைத்தியருக்கான அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வாசலில் அவிழ்த்துக் கட்டியிருந்த வண்டிமாடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.