மணலிக் காற்று என்று சொன்ன நாள்

வீடியோவை அழித்துவிட்டால் நாளைக்கே உள்ளே போக கேட் பாஸ் திரும்பக் கிடைக்கும் என்றார் கம்பெனி ஆபீசர். அழிக்க மாட்டேன் என்றேன். எனக்குக் கொழுப்பு என்று யார்டு முழுக்கப் பேச்சு. கொழுப்புதான். அது எப்படி ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு டாலி வேலை. சரக்கு இறக்கும்போது கூடவே நின்று எண்ண வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நாற்றம் வந்தாலும் மணலி ஃபேக்டரிகள் தலையில் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். வெளியூர்க்காரன் மூக்கைச் சுளித்தால் அன்று முழுக்க அவனுக்குக் கிண்டல்தான்.

அன்று ஒரு கன்டெய்னர் கதவைத் திறந்ததும் மூக்கில் சுர்ரென்று ஏறியது. நான் தயங்கினேன். எங்கள் மேஸ்திரி சிரித்தார்.

"இன்னாமா நிக்கிற? மணலி காத்து இன்னிக்கு ஓவரா கீது, அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே உள்ளே ஏறினார். காற்றோ கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மணலி அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. உள்ளே ஒரு டிரம் ஒழுகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி சாய்ந்தார், இழுத்து வெளியே போட்டோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. வெயில் மயக்கம் என்று கம்பெனி கதையை முடித்தது.

பாதுகாப்பு வகுப்பு என்று ஒன்று நடக்கும். திரையில் அம்புக்குறி ஓடும், டீ வரும், கலைந்துவிடுவோம். அங்கே இதை யாரும் சொல்லப்போவதில்லை. மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு நானே போனில் வீடியோவாகப் பேசிப் போட்டேன். யார்டு பெயரைச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் நடந்தபடியே சொன்னேன்: அவர் சிரித்தது, நாங்கள் இழுத்தது, காற்று அடித்த திசை. கடைசியில், "நாத்தம் வந்தா மணலி மேல பழி போடாத. எந்தக் காத்தா இருந்தாலும் கதவ தொறந்து வுட்டுட்டு தள்ளி நில்லு. இன்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டேன்.

டிரைவர்கள் வாட்ஸ்அப்பில் குரூப் குரூப்பாகப் பரப்பினார்கள். முதலில் ஒழுங்காகத் தமிழ் பேசு என்று ஒருவர் எழுதினார். "எங்க யார்டுல 'ஓடுடா'ன்னு இப்டித்தான் கத்துவோம், அது புரிஞ்சாதான் பொழைப்பான்" என்று பதில் போட்டேன்.

பிறகுதான் ஆபீசர் கூப்பிட்டார். இதை எடுத்துவிட்டு இப்படிப் போடு என்று ஒரு வரி காட்டினார்: பணியாளர்கள் காற்றோட்டத்தை உறுதி செய்யவும்.

"இதுல எங்க மேஸ்திரி எங்க சார் கீறாரு?"

"அவர் எதுக்கு?"

"அவர் இல்லாம சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான் சார்."

கேட் பாஸை நிறுத்திவிட்டு, அழித்தால் நாளைக்கே தருகிறேன் என்றார். மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே, உள்ளே போகிறவர்கள் பார்க்கட்டும் என்றே நின்றேன். மேஸ்திரி வந்தார். அவர் அன்று உள்ளே போகவில்லை.

"அழிச்சிடுமா. என்னால உனக்கு எதுக்கு பேஜாரு? வூட்ல ஒல பொங்க வாணாமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எண்ணூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன்.

"யக்கா, இன்னிக்கு கதவ தொறந்தா ஒரே நாத்தம். மணலி காத்துன்னு சொல்ல வந்தேன். உங்க மேஸ்திரி ஞாபகம் வந்துச்சு. கேங்கு மொத்தமும் தள்ளி நின்னுட்டோம். உள்ள டிரம்மு ஒழுவிகினு கீது."

மேஸ்திரி அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பெனி போர்டு பின்னால் தெரிகிற மாதிரி வந்து நின்றார்.

"போன தூக்கிப் புடிமா. அந்த மேஸ்திரி நான்தான். எந்த யார்டுன்னும் சொல்றேன்."