நான்காம் மேசையில் இருந்தவர்

அந்த அம்மா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய படத்தில் ஒருவர் நெல் மூட்டைமேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். உடற்கூறியல் துறையில் நான் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம் அது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாணவர்கள் உடல் அறுத்துப் படிக்கும் எங்கள் கூடத்தில், நான்காம் மேசையில் கிடப்பவர் அவர்தான்.

அந்த அம்மாவுக்கு ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். மனநிலை சற்றுப் பிசகியிருந்த கணவர் ஒரு காலையில் பஸ் ஏறிப் போய்விட்டார். எங்கோ சாலையோரம் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் பெயர் தெரியாதவராக இறந்து, கேட்டு யாரும் வராததால் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். அந்த அம்மா எழுதிக் கொடுத்த புகார் வேறொரு ஸ்டேஷனில் கிடந்தது. பிணவறைப் பதிவேட்டில் ஒட்டியிருந்த முகத்தை அடையாளம் கண்டு, உடலை வாங்கிப் போக வந்திருந்தார்.

துறைத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். "நீ தொண்டிக்காரிதானே, உங்க பக்கத்துப் பேச்சுல நீயே சொல்லு. எதையும் மறைக்காத." மறைக்கத்தான் நினைத்திருந்தேன். இரண்டு மாதமாக அந்தக் கணவருடைய வலக்கையைத்தான் மாணவர்கள் அறுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். தோலை விலக்கி, தசையைப் பிரித்து, நரம்பு நரம்பாகக் காட்டிக் கொடுத்தவள் நான்.

சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. "அந்தக் கையாலதான் பிள்ளைகளுக்குச் சோறு உருட்டிக் குடுப்பாக" என்றார். பிறகு, "மொகத்தயாச்சும் பாக்கலாமா?"

கழுத்துவரை துணி போர்த்திக் காட்டினோம். மருந்தில் கறுத்து, தலை மழிக்கப்பட்டிருந்த அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சாகும்போது தண்ணி கேட்டாகளா?"

வார்டுக் குறிப்பில் ஆண், வயது சுமார் ஐம்பது என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. "தெரியலம்மா" என்றேன். அந்தக் கையில் எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

அனுமதித் தாள்கள் வர மாலையாகிவிட்டது. அதற்குள் நானும் கூடத்து உதவியாளரும் பிரித்த தசைகளை அடுக்கி, தோலை இழுத்து, கையைத் தைத்தோம். என் தையல் நேராக வரவில்லை. வண்டி ஏறும்போது அந்த அம்மாவிடம், துணியைப் பிரிக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம் என்றேன்.

"குளிப்பாட்டாம எப்புடி ஆத்தா அனுப்புறது?" அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. குளிப்பாட்டினாரா என்று எனக்குத் தெரியாது.

இப்போது துறை என் பொறுப்பில் இருக்கிறது. தானமாக வரும் உடல்கள் கூடியிருக்கின்றன. ஆனாலும் பெயரில்லாதவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை ஏற்கும் முன், சுற்றுவட்டார ஸ்டேஷன்களுக்கு நானே போன் செய்து அடையாளங்களைச் சொல்கிறேன். "அப்படிப் புகார் எதுவும் இல்ல மேடம்" என்பார்கள். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பேன். யாரும் வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.