மிதிபலகை நின்ற இடம்

தையற்பொறியின் மிதிபலகை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். கதை அந்த ஓரிடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் சட்டை தைத்துவந்த ஈழத்து நண்பரின் கால் அது. மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்து, ஊருக்கு வெளியே அகதிகள் முகாமில் மனைவியோடும் மகளோடும் குடியிருந்தார். அவர் பேச்சின் இனிமைக்காகவே மாலைதோறும் அங்குச் சென்று அமர்வேன். கரையில் விட்டுவந்த நாயைப் பற்றித்தான் அடிக்கடி சொல்வார். "கறுப்பன் படகுக்குப் பின்னால கன தூரம் நீந்தி வந்தவன், ஐயா." கால் நின்றுவிடும். சந்தின் இரைச்சலையும் மீறி ஓர் அமைதி. "பிறகு தலை தெரியேல்லை" என்று முடித்து மீண்டும் மிதிப்பார்.

பட்டம் பெற்றும் வேலை வாய்க்காதிருந்த என் தங்கை மகன் அந்நாள்களில் என்னுடன் வரத் தொடங்கினான். "அண்ணே, ஒங்க ஊருக் கோயிலு கரையிலருந்து எம்புட்டுத் தூரம்? கொஞ்சம் அந்த நாய்க்கதைய இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே" என்று நச்சரிப்பான். "என்ன தம்பி, எங்கட ஊரில பொம்பிளை எடுக்கப் போறீரோ?" என்று நண்பர் சிரிப்பார், ஆயினும் ஒன்று விடாமல் சொல்வார். கேட்பதற்கு ஓர் இளைஞன் கிடைத்தானே என்ற பூரிப்பு அவருக்கு. அடுத்த ஆண்டு மருமகன் வேலைக்கென்று வெளிநாடு போனான்.

சில ஆண்டுகள் கழித்து, நண்பரும் அதே நாட்டிடம் புகலிட விசா கேட்டு விண்ணப்பித்தார். மகளுக்கு ஒரு குடியுரிமை வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆவல். சென்னையில் நேர்காணல், துணைக்குப் போன நான் வெளியே காத்திருந்தேன். வெளிறிய முகத்தோடு வந்தார். "கறுப்பனைப் பற்றிச் சொன்னதும் அந்த அதிகாரி பேனையை வைச்சிட்டார், ஐயா. இதே கதையை முன்னமே ஒருத்தர் சொல்லிப்போட்டாராம். நான் பாடமாக்கி ஒப்புவிக்கிறனாம்." விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அந்தக் கதையைக் கொண்டுபோனவர் முகாமில் யாராக இருக்கும் என்று இருவரும் நெடுநாள் ஐயுற்றுத் திரிந்தோம்.

பின்னர் மருமகன் அந்நாட்டுக் குடிமகனாகவே விடுமுறைக்கு வந்தான். தங்கை வீட்டில் பிரியாணி உண்டபின் ஊஞ்சலில் ஆடியபடி, "அந்த நாய்தான் மாமா எனக்கு அகதி விசா வாங்கிக் குடுத்துச்சு. சொல்லிக் காட்டவா?" என்றான். மன்னார்ப் பேச்சு பிசகின்றி வந்தது. "கன தூரம் நீந்தி வந்தவன், ஐயா..." கால் தரையில் ஊன்ற, ஊஞ்சல் நின்றது. அதே அமைதி. என் கண்ணில் நீர் துளிர்த்தது. எனக்கே அது மெய்யாகப் பட்டது.

"அங்கன நிறுத்தணும் மாமா. ஆபீசரு அந்த எடத்துலதான் நம்புனாரு" என்று கண்ணைச் சிமிட்டினான்.

அதன்பின் அவன் இருக்கும் வீட்டுக்கு நான் செல்வதில்லை. நண்பர் இன்றும் அதே சந்தில் தைக்கிறார். அவர் மகள் அந்த முகாமிலேயே வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே தாயானாள். நெடுநாள் தயங்கி, ஒரு மாலையில் உண்மையை அவரிடம் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"கறுப்பனாவது அக்கரை சேர்ந்திட்டான், ஐயா" என்றார்.

கால் நிற்கவில்லை.